இரவல் பேனா

அப்பாவின் பேனாவை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. அது சட்டைப் பையில் இருந்தால் அப்பா வெளியே கிளம்புகிறார். மாடத்தில் இருந்தால் வீட்டில் இருக்கிறார். சிறு வயதில் அந்தப் பேனாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மன்னார்குடியில் அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஓர் ஓட்டுக் கொட்டகை, அதில் ஒரு சாய்வு மேசை, மேசையின் ஓரத்தில் மை ஒற்றும் தாள். முத்திரைத்தாளில் தலைப்புப் பகுதியை விட்டுவிட்டுக் கீழே எழுதத் தொடங்குவார். கிரயம் கொடுப்பவர், வாங்குபவர், தொகை, சர்வே எண், விஸ்தீரணம், கடைசியாக நான்கெல்லை. வாய்க்காலுக்குத் தெற்கு, பொதுப் பாதைக்கு வடக்கு, ஐயனார் கோயில் மனைக்கு மேற்கு என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவதைப் பள்ளி விட்டு வரும் வழியில் நின்று பார்த்திருக்கிறேன். 'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்ற வரி வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும். அந்த வரிக்கு அவர் பொறுப்பு என்பதுபோல.

கையெழுத்துப் போடப் பேனா கேட்டு யாராவது கை நீட்டினால், அதற்கென்றே பையில் வைத்திருக்கும் மலிவான இன்னொரு பேனாவை எடுத்துக் கொடுப்பார். தன் பேனாவைத் தரமாட்டார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "நிப்பு ஒருத்தர் கைக்குத்தான் பழகும். இரவல் கொடுத்தா கெட்டுடும்" என்றார். அன்றிலிருந்து அது எனக்கும் விதியாகிவிட்டது. பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுக்காரிக்கு என் பேனாவின் கழுத்தைத் திருகி நிப்பிலிருந்து ஒரு சொட்டு மை கடன் கொடுத்திருக்கிறேன். சிந்திய மையை சாக்பீஸால் ஒற்றி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பேனாவைக் கொடுத்ததில்லை.

2009இல் அப்பா போனார். ஒரு தகரப் பெட்டியில் மூன்று பேனாக்கள் இருந்தன. வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். வைத்ததோடு சரி, பதினொரு வருடம் திறக்கவில்லை.

அந்தப் பதினொரு வருடத்தில் நானே பேனா வாங்கத் தொடங்கியிருந்தேன். முதலில் பழைய நினைப்பில் ஒரு ஹீரோ. அப்புறம் பாரிமுனையில் ஜெம் அண்ட் கோவுக்குள் நுழைந்து ஒரு காமா. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் கையால் கடைந்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பச்சையும் கறுப்பும் சுழியும் எபோனைட்டில் ஒன்று. ஜப்பானியப் பேனா ஒன்று. பழைய பார்க்கர் 51 ஒன்று. இப்படி 43 சேர்ந்துவிட்டது. மை நிரப்புவேன், நான்கு வரி எழுதுவேன், கழுவுவேன், துடைப்பேன், பெட்டியில் வைப்பேன். வீட்டில் எல்லோருக்கும் அது பேனாப் பெட்டி. அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை, சொல்ல எனக்கு நிறைய இருந்தது.

2020இல் வீட்டுக்குள்ளேயே இருந்த அந்த மாதங்களில்தான் தகரப் பெட்டியைத் திறந்தேன். மூன்றில் பெரியது, கறுப்பு எபோனைட், பில்லரால் மை ஊற்றும் பேனா. உடலில் பொறித்திருந்த பெயர் தேய்ந்து போயிருந்தது. உள்ளே நீலக்கறுப்பு மை காய்ந்து பொருக்குத் தட்டி, கழுத்து திரும்பவில்லை. வெந்நீரில் போட்டால் இளகும் என்று நினைத்துப் போட்டேன். இளகியது. ஆனால் வெளியே எடுத்தபோது கறுப்பு கறுப்பாக இல்லை. நீரில் முழுகிய பகுதி மட்டும் சாணிப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எபோனைட் என்பது ரப்பர்தான். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் சேர்த்து, பல மணி நேரம் வேகவைத்தால் அது மரம்போல இறுகும். விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் இன்றைக்கும் அந்தக் கந்தக வாடை வரும். பழைய எபோனைட்டின் மேல்தோல் வெயிலிலும் வெந்நீரிலும் நிறம் மாறும். இதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம் தெரிந்தது. காய்ந்த பேனாவைக் குளிர்ந்த நீரில், அதிலும் நிப்புப் பகுதியை மட்டும், பொறுமையாக ஊற வைக்க வேண்டும். ஒரு நாளில் வராவிட்டால் இரண்டு நாள். இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது தாத்தா பேனா ஒன்று காய்ந்து கிடந்தால் தயவுசெய்து வெந்நீர்ப் பக்கம் போகாதீர்கள்.

எப்படியோ கழுவி, மை ஊற்றி, எழுதிப் பார்த்தேன். கீறியது. தாளில் முள் வைத்து இழுத்ததுபோல ஒரு சத்தம். மை விட்டுவிட்டு வந்தது. நிப்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மறுபடி துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அப்பாவோடு சேர்ந்து அவர் பேனாவும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

சென்னையில் பேனாக்காரர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்கள் என்று ஒரு தோழி சொல்லி, 2022இல் முதல்முறை போனேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே நீள மேசை, மேலே வெள்ளைத் துணி, ஆறு பேர். ஒவ்வொருவரும் ஒரு துணிச்சுருளைப் பிரித்தார்கள். உள்ளே தையல் போட்ட பைகள், பைக்கு ஒரு பேனா. காபி வேறு மேசையில் இருந்தது. பேனா மேசைக்குக் காபி வரக் கூடாது, கை கழுவாமல் முறுக்கைத் தொட்ட விரலும் வரக் கூடாது. அங்கே உரக்கச் சொல்லப்பட்ட விதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. பேனாவை எடுக்கும் முன் உடையவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூடியைப் பின்பக்கம் மாட்டலாமா என்று கேட்க வேண்டும், சில பேனாக்களில் அது கீறல் விழுத்தும். திறந்த பேனா மேசைக்கு மேலேயே இருக்க வேண்டும், மடிக்கு மேலே அல்ல. உதறவே கூடாது.

அப்புறம் எல்லோரும் எழுதிப் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கேதான் நான் அசந்து போனேன். புதுப் பேனா கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் முதலில் போட்டது உ. பிள்ளையார் சுழி. சாமி கும்பிடாதவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரும் அதைத்தான் போட்டார். "வேற எதை எழுதிப் பார்க்கிறது? இதுல வளைவு இருக்கு, சுழி இருக்கு, படுக்கைக் கோடு இருக்கு. நிப்பு எப்படின்னு ஒரே எழுத்துல தெரிஞ்சுடும்" என்றார். உண்மைதான். நானும் 43 பேனாவிலும் உ போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன். அது எனக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தமிழ் எழுத்துக்கு எந்த நிப்பு பொருந்தும் என்பது அங்கே தீராத பேச்சு. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, ணை, ழு, இ. சாதாரணமாக எழுதும் அளவில் பட்டை நிப்பால் ணை எழுதினால் சுழிகள் அடைத்துக்கொண்டு மையால் ஒரு பொட்டு வைத்ததுபோல ஆகிவிடும். ஐரோப்பியப் பேனாக்களில் மெலிசு என்று குறித்திருந்தாலும் கோடு கொஞ்சம் தடித்துத்தான் வரும். ஜப்பானியப் பேனாக்களின் மெலிசு நிஜமாகவே மெலிசு, ஏனென்றால் அவர்களுக்கும் ஒரே எழுத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகளை அடக்க வேண்டிய தேவை இருக்கிறது. சைலர் 1911, பைலட் 1918, பிளாட்டினம் 1919 என்று மூன்று கம்பெனிகள் அடுத்தடுத்துத் தோன்றி, இந்த நூறு வருடத்தில் அந்தத் தேவைக்கேற்ப நிப்பு செய்து பழகியவை. அந்த நிப்பில் ஞ எழுதும்போது உள்சுழி திறந்தே இருப்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் பெரிதாக எழுதுபவர்களுக்கு, முனை தட்டையாக வெட்டிய ஸ்டப் நிப்பு வேறொரு அழகு. செங்குத்துக் கோடு தடித்தும் படுக்கைக் கோடு மெலிந்தும் வரும். ப, ம, ட எல்லாம் கல்லில் வெட்டியதுபோல நிற்கும். புள்ளி மட்டும் எந்த நிப்பிலும் சோதனைதான். மெய்யெழுத்தின் மேல் நிப்பை ஒரு நொடி கூடுதலாக வைத்தால் மட்டமான தாளில் புள்ளி குண்டாகி எழுத்தையே விழுங்கிவிடும்.

தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விலையுயர்ந்த வெளிநாட்டுத் தாள்தான் வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தமிழ்நாடு காகித ஆலையின் சாதாரண நகலெடுக்கும் தாளை ஒரு நண்பர் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் பேனாக்களில் பாதிக்கு மேல் அதில் மை கசியாமல் எழுதின. இன்றைக்கும் என் தினசரித் தாள் அதுதான்.

அன்று மேசையில் இருந்தவற்றில் ராஜமுந்திரியின் ரத்னம் பேனா ஒன்றைக் கையில் எடுத்தபோது எல்லோரும் கொஞ்சம் அமைதியானார்கள். உள்நாட்டிலேயே எதையாவது செய்யுங்கள் என்று 1921இல் காந்தி சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கே. வி. ரத்னம் பேனா செய்ய இறங்கினார். 1935இல் காந்தி அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். கடைவீதியில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று அதில் எழுதியிருந்தார். அந்தப் பேனா காந்தியின் கைக்குப் போனது குமரப்பா வழியாக. ஜே. சி. குமரப்பா எங்கள் தஞ்சாவூரில் பிறந்தவர், கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தவர். ஆந்திரத்தில் கடைந்த பேனாவைத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் குஜராத்திக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். வங்காளத்தில் சுலேகா மை 1934இல் தொடங்கியதும் இதே சுதேசி உணர்வில்தான். அந்த மேசையில் சுலேகாவின் கருநீல பாட்டிலும் இருந்தது.

பார்க்கர் 51 பற்றி நீளமாகச் சொல்ல ஆசைதான், 1941இல் கடைக்கு வந்தபோது நிப்பை மூடி மறைத்த அந்த வடிவம் எத்தனை பெரிய மாற்றம் என்று. ஆனால் நம்மில் பலருக்கு அந்த வடிவம் அறிமுகமானது சீனத்து ஹீரோ வழியாகத்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் புது ஹீரோ வாங்கிக் கொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

என் பையில் அப்பாவின் பேனாவும் இருந்தது. காட்டலாம் என்றுதான் கொண்டுபோனேன், எழுதக் கொடுக்க அல்ல. வெளியே எடுத்ததும் அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது. மேசையின் கோடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூரில் கடைசல் பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். கை நீட்டினார். கொடுத்தேன். மூடியைத் திருகித் திறந்து, மரையை நகத்தால் வருடினார்.

"இந்த மரை கையால வெட்டினதும்மா. மெஷின்ல வெட்டியிருந்தா இந்த மாதிரி வராது. செஞ்சவன் நல்ல கைக்காரன்."

நிறத்தைப் பற்றிக் கேட்டேன். வெந்நீரில் போட்டதையும் சொன்னேன்.

"பரவாயில்லம்மா. மெருகு போட்டுக் கறுப்பாக்கித் தரேன்னு யாராவது சொல்வாங்க, குடுத்துடாதீங்க. மெருகு போட்டா தோல் போயிடும், கடைசல்காரன் விட்ட தடமும் போயிடும். இப்படியே இருக்கட்டும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து நிப்பின் முனையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "எழுதிப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்பாவின் குரல் காதில் இருந்தது. எப்படியும் கெட்டுப்போன நிப்புதானே என்று ஒரு பக்கம். கெட்டாலும் அது அப்பா எழுதிய நிப்பு என்று இன்னொரு பக்கம். கடைசியில் தலையாட்டினேன்.

அவர் மை தொட்டு உ போட்டார். கீறியது. எனக்குக் கேட்ட அதே சத்தம். பேனாவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து இன்னோர் உ. கீறல் குறைந்தது. அப்புறம் பேனாவை விரல்களுக்குள் ஒரு நெல் அளவு உள்பக்கமாக உருட்டினார். மூன்றாவது உ. சத்தம் இல்லை. எண்ணெய் தடவியதுபோல நிப்பு வழுக்கிக்கொண்டு போனது.

"உங்கப்பா பேனாவைக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பி, நிமித்திப் பிடிப்பாரு. சாய்வு மேசையில எழுதினவரா?"

நான் அவரிடம் சாய்வு மேசை பற்றிச் சொல்லவே இல்லை.

நிப்பின் முனையில் ஒரு கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு மணி ஒட்டியிருக்கும். இரிடியம் முனை என்று பேர். ஆஸ்மியம், இரிடியம், ருத்தேனியம் போன்ற கடின உலோகங்களைக் கலந்து செய்வது. தங்க நிப்பானாலும் எஃகு நிப்பானாலும் தாளைத் தொடுவது அந்த மணிதான். அது சுலபத்தில் தேயாது. வருடக் கணக்கில், தினமும் பக்கம் பக்கமாக, ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால்தான் அந்தக் கோணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தட்டை விழும். எழுதுபவருக்கு அந்தத் தட்டை வழவழப்பு. வேறு கோணத்தில் பிடிப்பவருக்கு அந்தத் தட்டையின் விளிம்பு கீறும். நான் பேனாவை என் கோணத்தில் பிடித்திருக்கிறேன். அதனால் கீறியிருக்கிறது. நிப்பு கெட்டுப்போகவே இல்லை.

பெரியவர் பேனாவை என் கையில் கொடுத்து, என் விரல்களை அவரே திருத்தி வைத்தார். கட்டை விரலைக் கொஞ்சம் மேலே. மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே. எனக்கு அது பழக்கமில்லாத பிடி. ஆனால் அந்தப் பிடியை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கொட்டகையில், தினமும் மாலை நான்கரை மணிக்கு. எழுதினேன். வாய்க்காலுக்குத் தெற்கு என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் காபி எடுத்துவர எழுந்து போனாள்.

இரவல் கொடுத்தால் நிப்பு கெடும் என்று அப்பா சொன்னதைப் பற்றி அதற்கு அப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. பால்பாயிண்ட் பேனா பழகிய கை தாளை அழுத்தும். பால்பாயிண்டில் உருளையை உருட்ட அழுத்தம் வேண்டும். மைப்பேனாவில் வேண்டாம், தாளைத் தொட்டாலே மை தானாக இறங்கும். நிப்பின் நடுக் கீறலும் அடியிலிருக்கும் கட்டையின் மெல்லிய வாய்க்காலும் மையை இழுத்துக்கொண்டு வர, வந்த மைக்குப் பதில் காற்று உள்ளே போக வேண்டும். 1884இல் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது இந்தக் கட்டைக்குத்தான். நல்ல கட்டை இருந்தால் பேனாவின் எடையே போதும். அழுத்தினால் நிப்பின் இரு கால்களும் விரிந்து, விரிந்தது விரிந்தபடி நின்றுவிடும். பதிவு அலுவலகத்துக்கு வரும் நூறு கைகளில் எத்தனை கை அழுத்தும் என்று அப்பாவுக்குத் தெரியும். அன்றைக்குக் கடைகளில் மாற்று நிப்பாகக் கிடைத்தவற்றில் முனையில் மணியே இல்லாமல் தகட்டை மடித்து விட்டவையும் இருந்தன. அவை சீக்கிரம் தேயும். அப்பாவின் விதி அவருடைய பிழைப்புக்குச் சரியான விதி.

ஆனால் பேனாவின் அருமை தெரிந்த கை அதைக் கெடுக்காது. நாலு வரியில் தேய்கிற பொருளும் அல்ல அந்த மணி. சொல்லப்போனால் நான் கொடுக்காமல் வைத்திருந்தால் அப்பாவின் பிடி எனக்குக் கிடைத்திருக்காது. அது நிப்பிலேயே இருந்திருக்கிறது, பதின்மூன்று வருடம் என் பீரோவில் இருந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரின் கைக்கு அது போக வேண்டியிருந்தது.

அப்புறம் நான் மாறிவிட்டேன். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் குறைந்தது ஐந்து பேனாவில் மை நிரப்பிக்கொண்டு போவேன். மை இல்லாத பேனாவைப் பார்க்கத்தான் முடியும். இடக்கைக்காரத் தம்பி ஒருவர் என் ஜப்பானியப் பேனாவால் எழுதியபோதுதான் அது எத்தனை மெத்தென்ற நிப்பு என்று எனக்கே புரிந்தது. இடக்கைக்காரர்கள் பேனாவை இழுக்காமல் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும், கூர்மையான நிப்பு அவர்களுக்குத் தாளைக் குத்தும். இது குத்தவில்லை. இன்னொருவர் என் ரங்காவில் மை கால்பாகத்துக்குக் கீழே இறங்கியதும் சொட்டுவதைக் கவனித்து, காரணத்தையும் சொன்னார். உடல் முழுக்க மை ஊற்றும் பேனாவில் மை குறையக் குறையக் காற்று நிறையும். கைச்சூட்டில் காற்று விரிந்து மையைக் கீழே தள்ளும். அதனால் பாதி தீர்ந்ததும் நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். மரையில் ஒரு துளி சிலிக்கோன் கிரீஸ் தடவவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

மை பரிமாற்றம் தனிச் சந்தோஷம். ஒரு முழு பாட்டிலைத் தீர்க்க வருடக்கணக்கில் ஆகும். அதனால் ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் இரண்டிரண்டு மில்லி ஊற்றிப் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்துக்கொள்வோம். ஒருமுறை ஒருவர் இரும்பு மை கொண்டுவந்தார். பழைய முறை மை. மாசிக்காயும் அன்னபேதியும்தான் அதன் அடிப்படை. மாசிக்காயை நம் வீடுகளில் குழந்தைக்கு உரைமருந்தாக இழைத்துக் கொடுப்போமே, அதேதான். அதிலுள்ள துவர்ப்பு அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து, தாளில் காற்றுப் பட்டதும் கறுக்கும். எழுதும்போது வெளிறிய நீலம். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கறுப்பு. நீர் பட்டாலும் போகாது. அப்பாவின் பத்திரங்களில் இருந்த அந்த நிறம் எதனால் வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. அந்த மையில் அமிலம் உண்டு, எஃகு நிப்பை மெல்ல அரிக்கும். நிரப்பினால் தினமும் எழுத வேண்டும், காய விடக் கூடாது, அடிக்கடி கழுவ வேண்டும். அப்பா ஞாயிறுதோறும் கிணற்றடியில் பேனா கழுவியதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

போன வருடம் எங்களில் ஐந்து பேர் ஒரு காரியம் செய்தோம். நவம்பர் முதல் வெள்ளிக்கிழமையை உலகெங்கும் பேனாக்காரர்கள் மைப்பேனா நாளாக வைத்திருக்கிறார்கள். அன்று ஒரு பேனாவை அனுப்புவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதம் அது இருப்பது, கூடவே 80 பக்க நோட்டு ஒன்று போவது என்று பேசி முடிவு செய்தோம். யார் பேனாவை அனுப்புவது என்ற பேச்சு வந்தது. நான் அப்பாவுடையதை அனுப்புகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மையை வடித்து, கழுவி, உலர்த்தி, துணியில் சுற்றி, ஒரு சாண் பிவிசி குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி அடைத்து அனுப்பினேன். நோட்டின் முதல் பக்கத்தில் ஒன்றே ஒன்று எழுதினேன்: கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி, நிமிர்த்திப் பிடிக்கவும்.

கோயம்புத்தூரில் அது ஒரு மாதம் கடைக் கணக்கு எழுதியது. மதுரையில் ஒருவர் தன் அம்மாவுக்கு அதால் கடிதங்கள் எழுதினார். ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயும் இருக்கிறார்கள், ஆனாலும் எழுதினார். அம்மாவும் அதே பேனாவால் பதில் எழுதியிருக்கிறார். அப்புறம் புதுக்கோட்டை. அங்கே எங்கள் தோழி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. ஓர் இரவு போன் செய்தாள்.

"அக்கா, பிள்ளைங்க எழுதிப் பார்க்கட்டுமான்னு கேக்கிறாங்க. வேண்டாம்னா வேண்டாம், தப்பா எடுத்துக்க மாட்டேன்."

34 பிள்ளைகள். பாதிப் பேருக்கு மைப்பேனாவைத் தொட்டே பழக்கமில்லை. காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் சரி என்றேன். அவள் இரண்டு நாள் வேறொரு பேனாவால் அழுத்தாமல் எழுதப் பழக்கியிருக்கிறாள். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நோட்டில் பெயர் எழுத வைத்திருக்கிறாள். நோட்டு என்னிடம் திரும்பியபோது அந்த நான்கு பக்கங்களைத்தான் முதலில் பார்த்தேன். 34 பெயர்கள். சில கோணலாக, சில மை திட்டுத்திட்டாக, ஒன்று மட்டும் முத்துமுத்தாக. ஒரு பெண் பெயருக்குப் பக்கத்தில் நான்கு புள்ளிக் கோலம் போட்டிருந்தாள். நிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு காலும் அப்படியே சேர்ந்திருந்தன.

கடைசி வீடு பெங்களூர். அந்த நண்பர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய அப்பாவும் பத்திர எழுத்தர் என்பது எனக்கு நோட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும். கடைசிப் பக்கத்தில், இரும்பு மையில், பத்திரத்துக்கே உரிய அந்த நெருக்கமான கையெழுத்தில் எழுதியிருந்தார்:

"நான்கெல்லை விபரம். பெங்களூருக்குத் தெற்கு, மதுரைக்கு வடக்கு, கோயம்புத்தூருக்குக் கிழக்கு, சென்னைக்கு மேற்கு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கறுப்பு எபோனைட் பேனா ஒன்று, நிப்பு, கட்டை, மூடி, கிளிப் சகிதம். மேற்படி பேனாவின் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை."

கீழே சாட்சிகள் என்று போட்டு 1, 2 என்று எண்ணிட்டிருந்தார். ஒன்றுக்கு எதிரே அவர் கையொப்பம். இரண்டுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. பேனாவில் மை ஊற்றி, கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, அங்கே என் பெயரை எழுதினேன்.